சிங்கப்பூர் பர்மிட்டா, சவூதி அகாமாவா? அக்கா மகனுக்குப் போட்டுக் கொடுத்த கணக்கு

போன மாதம் அக்கா மகன் இரண்டு காகிதங்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஐடிஐ முடித்த வெல்டர், வயது 23. ஒரு காகிதம் சிங்கப்பூர்: கட்டுமானக் கம்பெனி, நாளுக்கு 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அடிப்படைச் சம்பளம், ஸ்கில் அடிப்பதிலிருந்து (அந்த ஊர் வேலைக்கான திறன் தேர்வு) டிக்கெட் வரை மொத்தம் 4 லட்சம். இன்னொன்று சவூதி அகாமா, அதாவது அங்கே தங்கி வேலை செய்யும் அனுமதி: தம்மாம் பக்கம் ஒரு கம்பெனி, மாதம் 1,200 ரியால், சாப்பாட்டுக்குத் தனியாக 300, தங்க இடம் இலவசம், ஏஜென்டுக்கு 1,20,000.

"எதுக்கு மாமா போகட்டும்?"

எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு இரண்டு கட்சி உண்டு. நான் சிங்கப்பூரில் ஒன்பது வருடம் கட்டுமானத்தில் இருந்தேன். அவன் அப்பா, அதாவது என் அத்தான், ரியாத்தில் பதினாலு வருடம் வீட்டு டிரைவர். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தெருவுக்கு நாலு வீடு இப்படித்தான். போய் வந்தவன் எவனும் போன ஊரை விட்டுக்கொடுக்க மாட்டான். அதனால் "எந்த ஊர் நல்லது" என்ற பேச்சை அன்று நாங்கள் எடுக்கவில்லை. பேனாவும் பழைய காலண்டர் தாளும் எடுத்து உட்கார்ந்தோம்.

முதலில் சம்பளம். மாதத்துக்கு 26 நாள், நாளுக்கு 20 வெள்ளி என்றால் 520 வெள்ளி. சிங்கப்பூர் சட்டப்படி வாரம் 44 மணி நேரத்துக்கு மேல் செய்கிற வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி. அந்தக் கணக்கில் ஓவர்டைம் மணிக்கு 4 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல் வரும். மாதத்துக்கு 72 மணி நேரம்தான் ஓவர்டைம் அனுமதி. அத்தனையும் கிடைத்தால் இன்னொரு 295 வெள்ளி. ஆக 815. கேட்டரிங் சாப்பாடு, போன் ரீசார்ஜ், சோப்பு சீப்பு, ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) போய்வருகிற செலவு என்று 265 வெள்ளி கழித்தால் 550 மிச்சம். வெள்ளி 65 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 35,750 ரூபாய் ஊருக்கு வரும்.

சவூதியில் சாப்பாட்டுப் பணத்தோடு 1,500 ரியால். கைச்செலவு 450 போக 1,050. ரியால் 23 ரூபாய் என்றால் 24,150.

இதோடு நிறுத்தினால் சிங்கப்பூர்தான். எல்லோரும் இங்கேதான் நிறுத்துகிறார்கள். ஏஜென்ட் நிறுத்துவதும் இங்கேதான்.

ஆனால் 4 லட்சம் எங்கிருந்து வரும்? எங்கள் பக்கம் இரண்டு வட்டிக்கு வாங்குவார்கள். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். 4 லட்சத்துக்கு மாதம் 8,000 வட்டி மட்டும். வீட்டுச் செலவுக்கு அக்கா 12,000 எடுத்துக்கொண்டால் கடனுக்குப் போவது 23,750. இப்படிக் கட்டினால் கடன் அடைய கிட்டத்தட்ட 21 மாதம் ஆகும். பர்மிட் இரண்டு வருடம் கிடைத்தால், முதல் சுற்றில் அவன் கையில் நிற்பது எண்பதாயிரத்துக்குள். அதுவும் மாதா மாதம் 72 மணி நேரம் ஓவர்டைம் கிடைத்தால்! ஓவர்டைம் இல்லாத மாதத்தில் 255 வெள்ளிதான் மிச்சம். வீட்டுச் செலவு போக 4,500 ரூபாய் சொச்சம். வட்டி 8,000. அந்த மாதம் அவன் வெயிலில் நின்று வெல்டிங் அடித்தும் கடன் ஏறியிருக்கும்.

சவூதிக் கடன் 1,20,000. அதே வட்டியில், மாதம் 12,150 கட்டினால் கிட்டத்தட்ட 11 மாதத்தில் முடிந்துவிடும். இரண்டு வருட முடிவில் கையில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் நிற்கும். அப்புறம் சர்வீஸ் பணம். சவூதிச் சட்டப்படி முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று ஒப்பந்தம் முடிந்து கிளம்பும்போது தர வேண்டும். சிங்கப்பூரில் பர்மிட்காரனுக்கு இப்படி ஒன்று கிடையாது. மத்திய சேமநிதியும் நமக்கு இல்லை. ஒன்பது வருடம் முடித்து நான் கிளம்பின அன்று கடைசி மாதச் சம்பளமும் டிக்கெட்டும்தான்.

நாலு வருடத்துக்கு நீட்டினால் கணக்கு புரண்டுவிடுகிறது. சிங்கப்பூரில் ஆறு லட்சத்தைத் தாண்டும், சவூதியில் சர்வீஸ் பணம் சேர்த்தும் ஐந்து லட்சத்துச் சொச்சம். ஆக இரண்டு வருடத்தில் திரும்புகிறவனுக்குச் சவூதி, நாலைந்து வருடம் தாக்குப்பிடிக்கிறவனுக்குச் சிங்கப்பூர். இதில் கவனிக்க வேண்டியது, எத்தனை வருடம் இருப்பது என்பதை முடிவு செய்வது அவன் இல்லை. முதலாளி.

பையன் இந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

தற்காலிக வேலை அனுமதி என்று எந்த நாடு கொடுத்தாலும் அதன் அடிப்படை ஒன்றுதான்: இந்த ஆள், இந்த முதலாளியிடம், இத்தனை நாள். வேலை போனால் தங்கும் உரிமையும் போகிறது. ஊரில் கடை முதலாளி சம்பளம் தரவில்லை என்றால் மறுநாள் வேறு கடைக்குப் போகலாம். அங்கே வேறு கடைக்குப் போனால் குற்றவாளி. சம்பளம் பிடிப்பது, பாஸ்போர்ட்டை வாங்கி வைப்பது, பர்மிட் புதுப்பிக்கக் கையில் காசு கேட்பது எல்லாம் இந்த ஒரு முடிச்சிலிருந்து வருபவை. முதலாளிகள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. எனக்கு வாய்த்தவர்களில் ஒருவர் நல்ல மனிதர், தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பார். ஆனால் நல்லவனாக இருப்பதும் இல்லாததும் அவர் இஷ்டம் என்கிற ஏற்பாட்டில் நம் வாழ்க்கை இருந்தது.

முடிச்சு எங்கே எவ்வளவு இறுக்கம் என்று பார்த்தோம்.

சிங்கப்பூரில் நம் ஊர்த் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் முதலாளி அரசாங்கத்திடம் 5,000 வெள்ளி பிணைத்தொகை உறுதி கொடுக்க வேண்டும். அதற்கு மேல் மாதா மாதம் லெவி, அதாவது வெளிநாட்டு ஆளை வைத்திருப்பதற்கு அரசுக்குக் கட்டும் வரி. 2024 ஜனவரியிலிருந்து கட்டுமானத்தில் அடிப்படைத் திறன் தொழிலாளிக்கு 900 வெள்ளி, உயர்திறன் சான்று பெற்றவருக்கு, அதாவது ஆர்1 எடுத்தவருக்கு, 500 வெள்ளி. இதைச் சொன்னதும் பையன் காலண்டர் தாளைத் திருப்பிப் பார்த்தான். அவன் மாத அடிப்படைச் சம்பளம் 520. அவனை வைத்திருப்பதற்கு முதலாளி அரசுக்குக் கட்டப்போவது 900. லெவியைத் தொழிலாளி சம்பளத்தில் பிடிக்கக்கூடாது என்பது சட்டம். நேராகப் பிடிப்பதில்லைதான், சம்பளம் ஏன் ஏறவே மாட்டேன் என்கிறது என்று யோசித்தால் விடை பாதி அங்கே இருக்கிறது. மறுபாதி, பிடிக்கவில்லை என்றால் நாம் கிளம்பிப் போக முடியாதது. ஒன்று மட்டும் பையன் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: ஆர்1 எடுத்தவனை வைத்திருந்தால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். சம்பளம் பேச நமக்குக் கிடைக்கிற ஒரே பிடிமானம் அது.

கம்பெனி மாறுவது? கட்டுமானம், கப்பல் பட்டறை, ப்ராசஸ் (எண்ணெய்ச் சுத்திகரிப்பு, ரசாயன ஆலை) துறைகளில் பர்மிட் முடிய 40 நாள் இருக்கும்போது தொடங்கி 21 நாள் இருக்கும் வரை, பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமல் மாறலாம். இரண்டு வருடத்தில் அந்த இருபது நாள் ஜன்னல்தான். அதற்கு வெளியே மாறுவதென்றால் பொதுவாக முதலாளி கையெழுத்து வேண்டும்.

சவூதியில் 2021 மார்ச்சில் ஒரு மாற்றம் வந்தது. ஒரு வருடம் வேலை செய்தபின், நோட்டீஸ் கொடுத்துவிட்டு கஃபீலின் (விசா கொடுத்த முதலாளியின்) சம்மதம் இல்லாமல் வேறு கம்பெனிக்கு மாறலாம். விடுமுறைக்கு ஊர் வர எக்ஸிட் விண்ணப்பமும் நாமே போடலாம். காகிதத்தில் பார்த்தால் சிங்கப்பூரை விட இது தாராளம். ஆனால் வீட்டு வேலைக்காரர்கள், வீட்டு டிரைவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், தோட்டக்காரர்கள் அந்தச் சீர்திருத்தத்தில் சேரவில்லை. அத்தான் போன விசா அதுதான். அவருடைய பாஸ்போர்ட் பதினாலு வருடமும் அரபி வீட்டு அலமாரியில் இருந்தது. ஒருமுறை சம்பளம் மூன்று மாதம் நின்றபோது கேட்டதற்கு, ஹுரூப் போட்டுவிடுவேன் என்றானாம். "ஆளைக் காணவில்லை" என்று கஃபீல் பதிவு செய்துவிட்டால் அகாமா செத்தது. அப்புறம் ரோட்டில் போலீசைப் பார்த்தாலே ஒளிய வேண்டியதுதான். அத்தான் வாயை மூடிக்கொண்டார். சம்பளம் ஐந்தாவது மாதம் வந்தது.

வளைகுடாவைப் பற்றிப் பேசும்போது கத்தாரையும் பையனிடம் சொன்னேன். உலகக் கோப்பைக்கு முன்னால் உலகமே திட்டித் தீர்த்ததில் நடந்த ஒரு நல்லது: 2020இல் என்ஓசி (பழைய முதலாளியின் ஆட்சேபமில்லாக் கடிதம்) இல்லாமல் வேலை மாறலாம் என்று சட்டம் வந்தது. 2021 மார்ச்சிலிருந்து எந்த நாட்டவருக்கும் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால்; சாப்பாடும் இடமும் கொடுக்காவிட்டால் முறையே 300, 500 கூடுதலாகத் தர வேண்டும். சட்டம் முழுக்க நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் புகார் கொடுக்கும்போது கையில் பிடித்துக்கொள்ள ஓர் எண்ணாவது இருக்கிறது. சிங்கப்பூரில் நம்மைப் போன்றவர்களுக்கு அப்படி ஒரு குறைந்தபட்ச எண் கிடையாது.

சிங்கப்பூரின் பலம் வேறு. அங்கே காகிதம் பேசும். கிளம்புவதற்கு முன்னாலேயே ஐபிஏ கடிதம், அதாவது பர்மிட்டுக்கு அரசின் முன் ஒப்புதல், வந்துவிடும். அதன் தமிழ்ப் பிரதியில் அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் வரிவரியாக இருக்கும். அதில் எழுதிய சம்பளத்தை நம் எழுத்துச் சம்மதம் இல்லாமல் குறைக்க முடியாது. 2016இலிருந்து சம்பளச் சீட்டு கட்டாயம். வேலையில் அடிபட்டால் இழப்பீட்டுச் சட்டம் உண்டு. மருத்துவக் காப்பீடு வருடத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. புகார் கொடுக்க ஆங்கிலமோ அரபியோ தெரிய வேண்டியதில்லை, தமிழிலேயே பேசலாம். ஒரு ஏமாற்றம் நடந்தால் சிங்கப்பூரில் அதை நிரூபிக்க வாய்ப்பு அதிகம். நிரூபித்துவிட்டு வேலையில் நீடிப்பதுதான் கஷ்டம். புகார் கொடுத்தவனின் பர்மிட்டை முதலாளி ரத்து செய்யலாம். ஸ்பெஷல் பாஸில், அதாவது தற்காலிகமாகத் தங்கும் அனுமதியில், உட்கார்ந்து வழக்கு முடியக் காத்திருக்கும் பையன்களுக்கு லிட்டில் இந்தியாவில் ஒரு தொண்டு அமைப்பு சாப்பாடு போடுகிறது. நாள் முழுக்க வேலை இல்லாமல் நடைபாதையில் உட்கார்ந்திருப்பார்கள். ஊரில் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

தங்குவதும் சாப்பிடுவதும் இரண்டு ஊரிலும் பெரிய வித்தியாசம் இல்லை. என் டார்ம் (தொழிலாளர் விடுதி) அறையில் 16 பேர், இரண்டடுக்குக் கட்டில். அத்தான் கார் ஷெட்டுக்குப் பக்கத்து அறையில் தனியாள். எது மேல் என்று இன்றுவரை சண்டை. 2020இல் கொரோனா சிங்கப்பூர் டார்ம்களில் புகுந்தபோது அங்கே இருந்தவர்களில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்துபோயிருந்ததாக அந்த வருட டிசம்பரில் அரசே சொன்னது. ஊர்க்காரர்கள் கடைக்கும் பீச்சுக்கும் போன பிறகும் டார்ம்காரர்கள் உள்ளேயே கிடந்தார்கள். அதன் பிறகு புது டார்ம்களில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. லாரியின் பின்பக்கம் உட்கார வைத்து வேலைக்குக் கூட்டிப்போவது மட்டும் இன்னும் நிற்கவில்லை. குவைத்தில் 2024 ஜூன் 12 அன்று மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் செத்தார்கள். 7 பேர் நம் தமிழ்நாட்டுக்காரர்கள். அக்கா அந்தச் செய்தியைச் சொல்லிச் சொல்லித்தான் வளைகுடாவே வேண்டாம் என்கிறாள். 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் நம் ஊர்ப் பையன் ஒருவன் பஸ்ஸில் அடிபட்டுச் செத்து, கலவரம் ஆனது அவளுக்கு மறந்துவிட்டது. அன்று இரவு என் போனுக்கு எழுபது தடவை கூப்பிட்டவளும் இவள்தான்.

"இவ்வளவு மோசம்னா எதுக்கு மாமா எல்லாரும் போறீங்க?" என்றான். நியாயமான கேள்வி.

போனதால்தான் என் தங்கை கல்யாணம் நடந்தது, இந்த வீடு நின்றது. ஊரில் வெல்டருக்குக் கிடைக்கிற கூலியில் இதெல்லாம் பத்துப் பதினைந்து வருடம் தள்ளிப்போயிருக்கும். பத்தாம் வகுப்போடு நின்ற ஒருவனுக்கு ஒரே தாவலில் வருமானத்தை இரட்டிப்பாக்குகிற வழி, உலகத்தில் வேறு அதிகம் இல்லை. பொருளியலாளர்கள் சிலர் இதைத்தான் வாதமாக வைக்கிறார்கள்: உரிமை அதிகம் தருகிற பணக்கார நாடுகள் நம்மைப் போன்ற ஆட்களைக் கொஞ்சமாகத்தான் எடுக்கின்றன, உரிமை குறைவாகத் தருகிற நாடுகள் லட்சக்கணக்கில் எடுக்கின்றன. தற்காலிகம் என்பதால்தான் கதவே திறக்கிறது என்பது அவர்கள் கட்சி. அது உண்மைதான் என்று நினைக்கிறேன், பிடிக்காவிட்டாலும்.

ஆனால் தற்காலிகம் என்ற சொல்லே பாதி பொய். ஜெர்மனி 1961இல் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டபோது ஆட்கள் இரண்டு வருடத்தில் திரும்ப வேண்டும் என்று வைத்தது. பழகின ஆளை அனுப்பிவிட்டுப் புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க முதலாளிகளுக்கு இஷ்டமில்லை. 1964இல் அந்த வரம்பு போய்விட்டது. 1973இல் ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். வந்தவர்களில் பலர் குடும்பத்தை வரவழைத்து அங்கேயே தங்கிவிட்டார்கள். சிங்கப்பூரும் 2025 ஜூலையில் பர்மிட்காரர்களுக்கு இருந்த அதிகபட்ச வருட வரம்பை எடுத்துவிட்டது, வயது வரம்பையும் 63 ஆக்கியது. காரணம் ஏறக்குறைய அதேதான், அனுபவக்காரன் வேண்டும். ஆனால் ஜெர்மனியில் நடந்தது இங்கே நடக்காது. குடும்பத்தைக் கூட்டி வர முடியாது. அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொள்ள மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். முப்பது வருடம் இருந்தாலும் பர்மிட்காரன் பர்மிட்காரனே. இளமை முழுவதையும் தற்காலிகமாக ஒரு நாட்டுக்குக் கொடுத்துவிட்டு வரலாம் என்று இப்போது சட்டமே சொல்கிறது.

மூன்றாவதாக ஒரு காகிதமும் பையனின் போனில் இருந்தது. மலேசியா, உணவகம், "டூரிஸ்ட்டில் போய் அங்கே பர்மிட் அடித்துக்கலாம்". அதைப் பார்க்கக்கூட வேண்டாம் என்றேன். அங்கே குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட், முறையான விசாவில் போகிறவருக்கு மோசமில்லை. டூரிஸ்ட்டில் போகிறவனுக்கு அந்தச் சட்டத்தால் என்ன பயன்? சவூதியில் "ஃப்ரீ விசா" என்பதும் இதன் அண்ணன்தான்: பேருக்கு ஒரு கஃபீல், மாதா மாதம் அவனுக்குக் கப்பம், வேலை வேறெங்கோ. பிடிபட்டால் கஃபீலுக்கு உன்னைத் தெரியாது.

இலங்கையில் இருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால் அவர்கள் பார்க்க வேண்டியது தென் கொரியா. 2004இல் தொடங்கிய அந்த ஏற்பாட்டில் அரசும் அரசும் பேசி ஆள் எடுக்கின்றன, நடுவில் ஏஜென்ட் இல்லை. கொரிய மொழித் தேர்வில் தேற வேண்டும். அந்நாட்டுக்காரருக்கான குறைந்தபட்சக் கூலி இவர்களுக்கும் உண்டு, 2025இல் மணிக்கு 10,030 வோன். அங்கேயும் கம்பெனி மாறுவது எளிதில்லை, ஒரு தவணை 4 வருடம் 10 மாதத்தோடு முடிகிறது. ஆனாலும் தலையில் நாலு லட்சம் இல்லாமல் இறங்குகிறான் பாருங்கள். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. நம் ஊரில் பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம் என்று விதி இருக்கிறது. அக்கா மகனின் இரண்டு காகிதத்தில் எதிலும் அந்த எண்ணை நான் பார்க்கவில்லை.

கடைசியில் நான் சொன்னது இது. 4 லட்சம் கடனோடு சிங்கப்பூர் போகாதே. ஸ்கில்லை நீயே நேராகப் பணம் கட்டி அடி. மொத்தச் செலவு 2 லட்சத்துக்குள் நிற்கிற கம்பெனி, ஐபிஏவை முன்னாலேயே காட்டுகிற கம்பெனி கிடைத்தால், ஐந்து வருடம் என்று மனதில் வைத்துப் போ. போனதும் ஆர்1க்குப் படி. அதற்குப் பொறுமை இல்லை, இந்த வருடமே கிளம்ப வேண்டும் என்றால் சவூதிக் காகிதத்தை எடு. ஆனால் விசாவில் தொழில் "வெல்டர்" என்று இருக்கிறதா, கம்பெனி பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கிற பெயரும் ஒன்றா என்று பார். ஆள் சப்ளை கம்பெனியாக இருந்தால் வேண்டாம். நீ பத்தாவது பாஸ் செய்தவன், உன் பாஸ்போர்ட்டுக்கு எமிக்ரேஷன் கிளியரன்ஸ், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போக நம் அரசாங்கத்தின் அனுமதி, தேவையில்லை. அதாவது உனக்காக இந்தக் காகிதத்தை அரசாங்கத்தில் யாரும் படித்துப் பார்க்கப் போவதில்லை. நீயேதான் படிக்க வேண்டும்.

அத்தான் அதுவரை திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். "பாஸ்போர்ட்டை மட்டும் குடுத்துடாதடா" என்றார்.

மறுநாள் பையன் சிங்கப்பூர் ஏஜென்டுக்குப் போன் போட்டு, ஐபிஏ பார்த்த பிறகுதான் பணம் என்று சொல்லியிருக்கிறான். அட்வான்ஸ் 50,000 கட்டாமல் ஐபிஏவுக்கே போட மாட்டோம், பின்னால் இன்னும் பத்துப் பேர் நிற்கிறார்கள் என்று பதில். இவனும் "அந்தப் பத்துப் பேருக்கே போடுங்கண்ணே" என்று வைத்துவிட்டானாம். சவூதி ஒப்பந்தத்தின் நகல் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. தொழில் என்ற இடத்தில் "லேபர்" என்று இருக்கிறது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.